தீட்டோடுதான் கூப்பிட்டேன்

மாரியம்மாளை நம்பிக் குடும்பம் நடத்தும் அக்கா தங்கைகள் எல்லாருக்கும் தனலட்சுமியின் கும்பிடு. ஆடி வெள்ளியில் கூழ் வார்க்கும்போது வருஷா வருஷம் இதைச் சொல்லச் சொல்கிறீர்கள். நான் ஆரம்பிப்பேன், யாராவது ஒருத்தி மூக்கைச் சிந்துவாள், அவளைச் சமாதானம் செய்வதிலேயே கூழ் தீர்ந்துவிடும். அதனால் இந்தத் தடவை எழுதியே கொடுத்துவிடுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

1942-ஆம் வருஷம், சித்திரை வெயில். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் எங்கள் சந்தில், ஒரே வாசலுக்குள் பல ஒண்டுக் குடித்தனங்கள். எல்லாருக்கும் ஒரு கிணறு, ஒரு குழாய். விடிந்தால் குடத்துக்குச் சண்டை, பொழுது சாய்ந்தால் கொடிக்கயிற்றுக்குச் சண்டை. இந்தச் சத்தத்தில் மனுஷி குடியிருப்பாளா என்று நான் திட்டாத நாள் இல்லை. அந்தச் சத்தம் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டது. ஒவ்வொரு குடித்தனமாக வண்டி வந்து நின்றது, ஏற்றியது, போயிற்று. கடைசியில் வாசல் பக்கம் இருந்த கணக்குப்பிள்ளை வீட்டம்மாள் சாவியை என்னிடம் கொடுத்து, "வெள்ளி செவ்வாயில வெளக்கு மட்டும் வெச்சிடு தனம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. தீட்டுக்காரி எப்படி விளக்கு வைப்பேன் என்பதுகூட அவளுக்கு அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

நீ ஏன் போகவில்லை என்பீர்கள். எங்கே போவேன்? நான் பிறந்ததே தேனாம்பேட்டை. என்னைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரயிலில் ஜன்னல் வழியாகப் பெட்டியையும் பிள்ளையையும் திணிக்கிற கூட்டம். பச்சை உடம்போடு, கையில் சிசுவோடு, இன்னும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நான் ஏறினால் இறங்கும்போது யார் யார் மிச்சம் இருப்போம் என்று தெரியாது. என் வீட்டுக்காரர் டிராம் ஓட்டுகிறவர். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் அவர்கள் வேலையும் இவர் தலையில். இருட்டோடு போவார், இருட்டோடு வருவார்.

பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்த என் நாத்தனாரும் கிளம்பிவிட்டாள். "அண்ணி, எனக்கும் நாலு புள்ளைங்க இருக்குதே, அவுங்கப்பா வேற நிக்க மாட்டேங்கறாரு" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். பாவம், அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய. போகிறபோது பிரசவ மருந்துக் காயப்பொடியை அரைத்து வைத்துவிட்டுப் போனாள். தின்பதற்கு எனக்குத்தான் நேரம் இல்லை.

வீட்டில் நான், ஐந்து வயது ராஜி, மூன்று வயது தாமு, பேர் வைக்காத பச்சைக் குழந்தை. அவ்வளவுதான். குழந்தை பெற்றவளைக் கீழே இறக்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் தொடவிடக் கூடாது என்பார்கள். நான் கிணற்றில் இறைத்தேன், துணி அலசினேன், விறகு ஊதினேன். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டுச் சோற்றில் போட மறந்துவிடுவேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சுவரில் தலை சாய்த்துத் தூங்குவேன். குழந்தை கண் அயரும் சமயம் பார்த்து ராஜி முற்றத்தில் நின்று, "ஊஊஊ" என்று அபாயச் சங்கு ஊதுவாள். தெருவில் ஒத்திகைக்கு ஊதுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டது. எல்லாரும் ஓடி ஒளிய வேண்டுமாம். "அடியே, ஒளியறதுக்கு எனக்குத் தெம்பு இல்லடி, குண்டு விழுந்தா விழட்டும்" என்பேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். குண்டு விழுந்தாலாவது கொஞ்சம் படுக்கலாம்.

அப்படி ஒரு நாள் காலையில் தாமு எழுந்திருக்கவில்லை. உடம்பு அனல். கண் சிவந்து நீர் வடிந்தது. மறுநாள் காதுக்குப் பின்னால் தொடங்கி முகம், மார்பு எல்லாம் மணல் வாரித் தெளித்தாற்போல் தடிப்பு. என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா வந்துட்டா, தனம்" என்றார்.

நம் வீடுகளில் இதற்கு என்ன முறை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரக் கூடாது. தாளிக்கக் கூடாது, எண்ணெய் காயக் கூடாது, பிள்ளைக்குப் பக்கத்தில் தீட்டு வரக் கூடாது. தீட்டுக்காரியின் நிழல் பட்டாலே அம்மன் கோபித்துக்கொள்வாள், அம்மை முத்து உள்ளே இறங்கிவிடும், பிள்ளை பிழைக்காது என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். இங்கே பெற்ற தாயே தீட்டு. அப்பனும் தீட்டு. தீட்டில்லாத ஒரு பெரிய உயிர் அந்த வாசலுக்குள் இல்லை.

முறையை விடுங்கள். இன்னொரு பயமும் இருந்தது. நான் தாமுவைத் தொட்டு எடுத்தால் அப்புறம் அதே மடியில் பச்சைக் குழந்தையைப் போட முடியாது. பிறந்து பத்து நாள் ஆகாத சிசுவுக்கு அம்மை வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் சந்தில் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையைத் தொட்டால் மறு பிள்ளையைத் தொட முடியாது. இரண்டில் எதை விடுவது? அதைத்தான் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். அம்மை கண்ட பிள்ளையை வாசல் தாண்டி எடுக்கும் பழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. இன்றைக்கென்றால் டாக்டரிடமும் காட்டுவேன், அம்மாளையும் கூப்பிடுவேன். அன்றைக்கு அந்த யோசனையே வரவில்லை.

வீட்டுக்காரர் தாமுவைப் பின்கட்டு அறையில் வாழையிலை போட்டுப் படுக்க வைத்தார். நானும் குழந்தையும் சமையல் மூலையில். "லீவு கேட்டுப் பாக்கறேன். தரலன்னா இன்னா செய்றது?" என்று சொல்லிக்கொண்டே போனார். தரவில்லை.

ராஜிக்கு முந்தின வருஷமே அம்மை வார்த்துப் போயிருந்தது. அதனால் அவளைத்தான் உள்ளே அனுப்பினேன். இளநீரைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்து, "தம்பிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுடா கண்ணு" என்பேன். போவாள். உடனே காலித் தம்ளரோடு வருவாள்.

"குடிச்சானா?"

"அவனுக்கு வேணாமாம்மா. அதான் நான் குடிச்சிட்டேன்."

அடிக்கவும் கை வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை, அதற்கும் வெயில், அதற்கும் தாகம். நான் அறை வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று, "தாமு, எழுந்து ஒக்காருடா. தண்ணி குடிடா" என்று கெஞ்சினேன். அவன் திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். நான் அசையவில்லை. கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு கீழே போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா வர மாட்டாள் என்று தெரிந்துகொண்டான் போலிருக்கிறது. அக்கா தங்கைகளே, எனக்கு மூன்று பிரசவத்திலும் வராத வலி அப்போது வந்தது.

கிணற்றடிக்குப் போனேன். துணி குவிந்து கிடந்தது. குழந்தையின் துணி, என் தீட்டுத் துணி, எல்லாம். கல்லின் மேல் ஒன்றைப் போட்டு இரண்டு அடி அடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. எங்கள் சந்துக் கோடியில் மாரியம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்தேன். தலை வாரவில்லை, குளிக்கவில்லை, மார்புத் துணி பாலில் நனைந்து நாறுகிறது. கையில் என்ன துணி என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கோலத்தில் வாய்விட்டுக் கத்தினேன்.

"இந்தாம்மா மாரி, நான் தீட்டு! எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். வெளக்கு வெக்கல, பூ வெக்கல. எப்பவும் நீ வர்றப்போ ஊரே ஒன்னைத் தாங்கும். இந்தத் தடவை ஊர்ல ஆளில்லாத நேரமாப் பாத்து வந்து நிக்கிறியே, நான் எத்தனை பேரைத்தான் பாப்பேன்? நான் தொடக் கூடாதுன்னா தீட்டில்லாத கை ஒண்ணு அனுப்பு. அனுப்ப முடியலன்னா என் கையை வேணாம்னு சொல்லாத. ரெண்டுல ஒண்ணு செய். இன்னைக்கே செய்!"

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மணி அடிக்கவில்லை. பல்லி சொல்லவில்லை. உள்ளே குழந்தை அழுதது, எழுந்து போய்ப் பால் கொடுத்தேன். அம்மாளைப் போய் இப்படி அதட்டிவிட்டோமே என்று அதற்கு ஒரு பயம் வேறு சேர்ந்துகொண்டது.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், வாசலில் ஒரு குரல்.

"வறட்டி வோணுமாம்மா, வறட்டி!"

எனக்குக் கோபம்தான் வந்தது. வேப்பிலை செருகின வாசலில் நின்று கூவுகிறாளே, கண் தெரியவில்லையா என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கறுப்பாக, ஒல்லியாக ஒருத்தி. தலையில் வறட்டிக் கூடை. மார்போடு சேர்த்துக் கட்டிய துணிக்குள் ஒரு மூட்டை.

"வாசல்ல இன்னா தொங்குதுன்னு பாக்கலியா?" என்றேன்.

"பாத்தேம்மா. மத்த வூட்லல்லாம் பூட்டு தொங்குது. ஒங்க வூட்லதான் வேப்பல தொங்குது. பூட்டுக்கு வேப்பல மேலுன்னு கூப்டேன்" என்றாள். "காத்தாலருந்து சுத்திக்கினு கீறேன். மயிலாப்பூர்ல வறட்டி வாங்க ஒரு ஜனம் இல்ல. குடிக்கக் கொஞ்சம் கஞ்சித் தண்ணி இருந்தா ஊத்தும்மா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேட்டேனே, அனுப்பிவிட்டாளே! இன்றைக்கே அனுப்பிவிட்டாளே! அப்போது அவள் மார்பு மூட்டை நெளிந்தது. துணிக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு குட்டிக் கை வெளியே வந்தது.

"எப்போ பெத்தே?"

"போன வெள்ளிக்கெயம. ஆம்பளப் புள்ள."

என் குழந்தைக்கும் இளையது. "தீட்டு கழிச்சாச்சா?" என்று கேட்டேன், பதில் தெரிந்தேதான்.

"எங்கம்மா கழிக்கிறது? கழிச்சிட்டுத்தான் வெளிய வரணும்னு குந்திக்கினு இருந்தா சோறு யாரு போடுவா? ஆத்தோரத்துல எங்க குடிசைங்க. எங்க ஆளு ரிக்‌ஷா இஸ்க்கறாரு. எக்மோருக்கு மூட்ட ஏத்திக்கினு போனவரு எப்போ வருவாரோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. தீட்டில்லாத கை அனுப்பு என்று கேட்டால், என்னைவிடப் பச்சை உடம்புக்காரியை அனுப்பி வைத்திருக்கிறாள். அடியம்மா மாரி, என்னைக் கேலி செய்கிறாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கஞ்சி கொண்டுவரப் போனேன். குடித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவள் பேர் அஞ்சலை. கஞ்சியை நின்றபடியே குடித்தாள். உள்ளேயிருந்து தாமு முனகுகிற சத்தம் கேட்டது.

"அத்த யாரு பாத்துக்கறாங்க?" என்றாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றைத் தொட்டால் ஒன்றை விட வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் என் குழந்தையைப் பார்த்தாள், தன் பிள்ளையைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சட்டென்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கும் பச்சைப் பிள்ளை இருக்கிறது, அவள் பயம் அவளுக்கு. நான் கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவு தட்டுகிற சத்தம். அஞ்சலைதான். தலையில் கூடை இல்லை.

"கோயில்ட்ட போய்ட்டு வந்தேன்" என்றாள். "உள்ள போவல. ரோட்லயே நின்னு சொன்னேன்."

"இன்னா சொன்னே?"

"இன்னா சொல்றது. நாங்க ரெண்டு பேரும் பெத்துப் போட்டவங்கோ, நீயும் அம்மாதான். தெரியாத்தனமா எதுனா செஞ்சா கோச்சிக்கினு எம் புள்ள மேல கைய வெக்காத, எனக்கு இத்த விட்டா இல்லன்னு சொன்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணக் குடும்மா. நான் பால் குடுக்கறேன். நீ அந்தப் புள்ளையப் போய்ப் பாரு."

கணக்குப்பிள்ளை வீட்டுச் சாவி என்னிடம் இருந்ததே, அந்த அறையைத் திறந்துவிட்டேன். வாசலை ஒட்டிய அறை. பின்கட்டுக்கும் அதற்கும் நடுவில் முற்றம் முழுக்க இடைவெளி. பாயும், பழம்புடவைத் துணியும், வெந்நீரும் கொண்டுபோய் வைத்தேன். அவள் உட்கார்ந்து தன் பிள்ளையை ஒரு பக்கம் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். என் குழந்தையை நான் ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன். திரும்ப எப்போது தொடுவேனோ, தொடுவேனோ மாட்டேனோ என்று இருந்தது. கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பின்கட்டுக்கு நடந்தேன்.

வாசற்படியில் கால் ஒரு நொடி நின்றது. "அனுப்பினவ நீதான். பழி ஒன்னுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாமுவைத் தூக்கி மடியில் போட்டேன். உடம்பு கொதித்தது. அவன் கண்ணைத் திறக்காமலே என் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் பல நாள் அந்தப் பிடியை விடவே இல்லை.

அன்றைக்கு வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வாசல் அறையில் முன்பின் தெரியாத ஒருத்தி இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாராம். பிறகு முற்றத்துக்கு வந்து எனக்குக் கேட்கிற மாதிரி, "தனம், நான் டூட்டிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இன்னொண்ணு பெத்துட்டியா?" என்றார். அத்தனை களைப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷர் மறுபேச்சுப் பேசவில்லை. அஞ்சலைக்குச் சோறு வடித்து வைப்பதும், ராஜிக்குத் தலை வாருவதும் அன்றிலிருந்து அவர் வேலை ஆயிற்று. தலை வாரிய லட்சணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

உள்ளே இருந்த நாட்களை என்னவென்று சொல்வேன். வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் சொறிந்துகொள்வான். இளநீரைப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவேன். பாதி கன்னத்தில் வழியும். வாசல் அறையில் என் குழந்தை அழுதால் இங்கே எனக்குப் பால் பீறிட்டுக்கொண்டு வரும். குடிக்க ஆள் இல்லை. மார்பு கல்லாகிக் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்வேன். முற்றத்தைத் தாண்டிக் குரல் கொடுப்பேன்.

"அஞ்சலை! குடிச்சாளா?"

"குடிச்சா, குடிச்சா! ஒம் பொண்ணு ராட்சசிம்மா. எம் புள்ளைக்கி ஒண்ணும் வெக்க மாட்டேங்கறா!"

அதைக் கேட்டால் அடுத்த வேளை வரைக்கும் எனக்குத் தெம்பு. ராஜி நடுமுற்றத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கச் சேதியை அந்தப் பக்கமும் அந்தப் பக்கச் சேதியை இந்தப் பக்கமும் சொல்வாள். இடையில் தானாக இரண்டு சேர்த்தும் சொல்வாள்.

ஆனால் தாமு தேறவில்லை. இறங்க வேண்டிய காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டது. ஒரு பகலில் பாலாடையில் விட்டதை விழுங்காமல் அப்படியே வெளியே விட்டுவிட்டான். மறுபடி விட்டேன். மறுபடியும் வழிந்தது. தாலிக் கயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

தொட்டதற்குத் தண்டனையா? என் தீட்டுக் கை பட்டதால்தானா? எனக்குள் என்னென்னவோ ஓடியது. கோபிக்கக்கூட என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. அவன் விரல்களைத் திரும்ப அந்தக் கயிற்றிலேயே சுற்றி வைத்து, என் கையால் மூடிக்கொண்டேன். "தாயே, எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கோ. விடறதுன்னா விடு. எனக்கு முடியல. கண்ணைத் தொறந்து வெச்சிருக்கக்கூட முடியலம்மா. நீயே கொஞ்சம் பாத்துக்கோ" என்றேன். சொல்லி முடித்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. கும்பிட்டபடியே தூங்கிவிட்டேன். சாகக் கிடக்கிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எந்தத் தாயாவது தூங்குவாளா? நான் தூங்கினேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. மடி சில்லென்று ஈரமாக இருந்ததில் விழித்துக்கொண்டேன். மூத்திரம் போய்விட்டான் என்று நினைத்தேன். இல்லை. வேர்வை. தலைமயிர் நெற்றியில் ஒட்டி, கழுத்து, முதுகு எல்லாம் நனைந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். அனல் இல்லை. மூச்சு இழுக்கவில்லை, சாதாரணமாக ஏறி இறங்கியது. பீளையைத் துடைத்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தான்.

"சோறு" என்றான்.

நான் போட்ட கூச்சலில் அஞ்சலை என்னவோ ஏதோ என்று முற்றத்துக்கு ஓடிவந்துவிட்டாள். ராஜி குண்டு விழுந்துவிட்டது என்று கணக்குப்பிள்ளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். "சோறு கேக்கறான்! அஞ்சலை, சோறு கேக்கறான்!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அஞ்சலை முற்றத்து வெயிலில் அப்படியே மண்டி போட்டுத் தரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வர, தாமுவுக்குத் தலைக்கு வார்த்தோம். இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி, ஆறிய பிறகு நானும் தலை முழுகித் தீட்டுக் கழித்துக்கொண்டு வாசல் அறைக்குப் போனேன். குழந்தைகள் இரண்டுக்கும் ஒரு பொட்டுத் தடிப்பு இல்லை. என் பெண் கன்னம் வைத்திருந்தாள். வாரி எடுத்து மார்பில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அஞ்சலை குரல் வந்த பக்கம் தலையை ஆட்டி ஆட்டித் தேடினாள். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! நான் பெற்றது, என்னைத் தெரியவில்லையாமே.

"கொஞ்சம் பொறும்மா, ஒம் வாசன மறந்துகீது. நெனப்பு வந்துரும்" என்றாள் அஞ்சலை. சொல்லும்போது அவள் கண்ணிலும் தண்ணீர். அவளுக்கும் கொடுக்க மனசில்லை. இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு, எது யார் பிள்ளை என்று பார்க்காமல் மாற்றி மாற்றிப் பால் கொடுத்தோம். கட்டிப்போன மார்பில் மறுபடி பால் இறங்க நாள் பிடித்தது. இறங்கியது.

பயம் தெளிந்து குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். "தீட்டோட அம்மாளைத் தொட்டாளாமே, கூட வறட்டிக்காரியை வேற உள்ளே விட்டாளாமே" என்று குழாயடியில் பேசினார்கள். கணக்குப்பிள்ளை வீட்டம்மாள் அறையை நாலு தடவை கழுவிவிட்டாள். கழுவட்டும். தாமு அவள் எதிரிலேயே முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான். நான் பதில் பேசவில்லை. சண்டைக்குப் பேர்போன தனத்துக்கு என்ன ஆயிற்று என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

பெண்ணுக்கு முத்துமாரி என்று பேர் வைத்தோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அஞ்சலை வீட்டுப் பையன் இந்தப் பக்கம் வந்தால் அவன் முதுகில் ஏறிக்கொண்டுதான் இறங்குவாள். தாமு பண்ணுகிற அட்டூழியத்தில் வாரம் ஒரு தடவையாவது, "உன்னை ஏன்டா பிழைக்க வெச்சா" என்று திட்டிவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். எங்கள் சந்தில் யார் பிள்ளை பெற்றாலும், யார் வீட்டில் வேப்பிலை செருகினாலும் இப்போது முதலில் நான்தான் போகிறேன். வெளியிலிருந்தே கேட்டுவிட்டு வருவது இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து துணியை அலசிப் போட்டுவிட்டுத்தான் வருகிறேன். களைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

என்னை நீங்கள் கேட்பதுண்டு, அம்மா கோபிக்கவில்லையா தனம் என்று. கோபிக்கிறவளாக இருந்தால் கிணற்றடியில் நான் கத்தின கத்தலுக்கு அன்றைக்கே கோபித்திருப்பாள். தீட்டில்லாத கை கேட்டேன். கைக்குத் தீட்டு இல்லை என்று அவள் எனக்குக் காட்டிவிட்டாள்.

உங்களில் எத்தனையோ பேர் கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இருக்கிறீர்கள். கோயிலுக்கு வர முடியவில்லையே, குளிக்கக்கூட நேரம் இல்லையே, இந்தக் கோலத்தில் எப்படிக் கும்பிடுவது என்று மனசு கலங்குகிறீர்கள். சுத்தமாக வந்து கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள், தாய்மாரே. துணி துவைக்கிற கல்லில் நின்று கூப்பிடுங்கள். சண்டை போட்டுக் கூப்பிடுங்கள். பாதியில் தூங்கிப்போனாலும் பரவாயில்லை, மீதியை அவள் கேட்டுக்கொள்வாள். ஆனால் ஒன்று, அவள் அனுப்புகிற ஆள் நீங்கள் கேட்ட மாதிரி இருக்க மாட்டாள். வாசலில் யாராவது கூப்பிட்டால், எத்தனை அலுப்பாக இருந்தாலும், எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுங்கள்.